ஃபிளாக்‌ஷிப் போனை எதைக் கொண்டு அளப்பது?

2010 ஜூலையில் அமெரிக்காவின் ‘கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் ஐபோன் 4 பற்றி ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு முடிவுகளை வெளியிட்டது. அதன் ஸ்மார்ட்போன் மதிப்பெண் பட்டியலில் முதலிடம் அந்தப் போனுக்குத்தான். ஆனால் போனின் இடதுபக்கக் கீழ்முனையைக் கை மூடினால், சிக்னல் குறைவான இடங்களில் அழைப்பே அறுந்துபோகலாம். ஆகவே அதை வாங்கும்படி பரிந்துரைக்க முடியாது என்றும் அதே இதழ் எழுதியது. சில நாட்களில், ஜூலை 16 அன்று, ஸ்டீவ் ஜாப்ஸ் செய்தியாளர்களைக் கூட்டி, வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கேஸ் தருவதாக அறிவித்தார்.

திரை, வேகம், கேமரா, பேட்டரி என்று தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டினால் ஒரு விடை வருகிறது. பேசுவதற்கான கருவியில் பேச்சே அறுந்தால் மற்றவை எதற்கு என்று கேட்டால் வேறொரு விடை வருகிறது. ஒரு நிறுவனம் அந்த ஆண்டின் தன் முழுத் திறமையையும் கொட்டி, உச்ச விலையில் இறக்கும் போனின் நிறைகுறைகளை எப்படி எடைபோடுவது? இக்கேள்விக்கு ஸ்மார்ட்போன் காலம் முழுவதும் பலவகை விடைகள் சேர்ந்துள்ளன. அவற்றில் முக்கியமானவற்றை, அவை எங்கிருந்து வந்தன, எங்கே சறுக்குகின்றன என்று இக்கட்டுரை பரிசீலிக்கிறது. உரைகல்லாக ஒரு போனையும் எடுத்துக்கொள்கிறது: 2024 ஜனவரி 17 அன்று அறிமுகமான சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா. இந்தியாவில் அதன் தொடக்க விலை ₹1,29,999. அது புதுப் போன் இல்லை என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். முதல் வாரப் பரபரப்பு ஓய்ந்த பிறகுதான் அளவுகோல்களையும் சேர்த்து அளக்க முடிகிறது.

எண்களின் மரபு

மிகப் பழைய விடை, ஸ்பெக் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. இது கம்ப்யூட்டர் விளம்பரங்களிலிருந்து போனுக்கு வந்த பழக்கம். எத்தனை மெகாஹெர்ட்ஸ், எத்தனை எம்பி என்று கேட்டவர்கள் பிறகு எத்தனை மெகாபிக்சல், எத்தனை எம்ஏஎச் என்று கேட்கத் தொடங்கினார்கள். 2007-இல் இந்த முறைப்படி தீர்ப்புச் சொன்னவர்களுக்கு எந்தக் குழப்பமும் இருந்திருக்காது. நோக்கியா என்95-இல் 5 மெகாபிக்சல் கேமரா, 3ஜி, வீடியோ பதிவு எல்லாம் இருந்தன. அதே ஆண்டு வந்த முதல் ஐபோனில் 2 மெகாபிக்சல்தான், 3ஜி கிடையாது, வீடியோ எடுக்கவே முடியாது. எண்கள் என்95 பக்கம் நின்றன. சந்தை எந்தப் பக்கம் போனது என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மரபின் பலவீனத்தை எஸ்24 அல்ட்ராவின் கேமராவிலேயே பார்க்கலாம். முதன்மைக் கேமரா 200 மெகாபிக்சல் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். ஆனால் வழக்கமான பயன்பாட்டில் அந்தப் போன் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, சுமார் 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. குறைந்த வெளிச்சத்தில் இதுவே நல்லது. அதாவது, பெருமையாகச் சொல்லப்படும் எண் பெரும்பாலான படங்களில் நேரடியாகத் தெரியாது.

ஜூம் விஷயம் இன்னும் சுவையானது. முந்தைய எஸ்23 அல்ட்ராவில் 10 மடங்கு ஜூம் தரும் 10 மெகாபிக்சல் கேமரா இருந்தது. எஸ்24 அல்ட்ராவில் அதை எடுத்துவிட்டு, 5 மடங்கு ஜூம் தரும் 50 மெகாபிக்சல் கேமராவை வைத்தார்கள். பட்டியலை மட்டும் படித்தவர்களுக்கு இது அப்பட்டமான பின்னடைவு. அறிமுகத்தின்போது புகார்கள் எழுந்தன. ஆனால் புதிய சென்சார் பெரியது. அதன் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தாலே 10 மடங்குக்கு ஈடான படம் கிடைக்கும். பலரும் அன்றாடம் அதிகம் பயன்படுத்தும் 5 மடங்கு அளவிலான தூரத்தில், அதாவது மேடையில் நிற்பவரையோ எதிர் மாடியையோ படமெடுக்கும் தூரத்தில், முன்னைவிடத் தெளிவு கூடியது. வெகுதூரத்துப் பறவையைப் படமெடுப்பவருக்கு மட்டும் பழைய ஏற்பாடு சில நேரங்களில் மேல். ஒரே மாற்றம் ஒருவருக்கு நிறையாகவும் இன்னொருவருக்குக் குறையாகவும் நிற்கிறது. இதைச் சொல்ல ஸ்பெக் பட்டியலில் கட்டம் இல்லை.

ஆனாலும் எண்களை முழுதாக ஒதுக்கவும் முடியாது. ஒரே பெயரில் வேறு வேறு சிப் வைத்து விற்கும் வழக்கம் சாம்சங்கிடம் நெடுநாளாக உண்டு. 2024-இல் இந்தியாவில் விற்ற எஸ்24, எஸ்24 பிளஸ் இரண்டிலும் எக்ஸினோஸ் 2400. அல்ட்ராவில் மட்டும் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3. அமெரிக்க ரிவ்யூவைப் பார்த்துவிட்டு இங்கே எஸ்24 வாங்கியவர், தான் பார்த்த போனை வாங்கவில்லை. இதைக் கண்டுபிடித்துச் சொல்வது ஸ்பெக் பட்டியலை வரிவரியாகப் படிப்பவர்கள்தான்.

ஆய்வகமும் அதன் ஓட்டைகளும்

நிறுவனம் சொல்லும் எண்ணை நம்பாமல் நாமே அளப்போம் என்பது இரண்டாம் மரபு. 1997-இல் தொடங்கி 2024 ஆகஸ்டில் மூடப்பட்ட ‘ஆனந்த்டெக்’ தளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கீக்பெஞ்ச், ஆன்டுடு போன்ற வேகச் சோதனைச் செயலிகளும், கேமராவுக்கு மதிப்பெண் தரும் பிரான்ஸின் டிஎக்ஸ்ஓமார்க்கும் இதே வழியில் வந்தவை. எவரும் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம் என்பது இவற்றின் பலம்.

ஆனால் தேர்வு என்று ஒன்று வந்தால் தேர்வுக்கு மட்டும் படிக்கும் மாணவனும் வந்துவிடுகிறான். 2013-இல் கேலக்ஸி எஸ்4 சில குறிப்பிட்ட சோதனைச் செயலிகளில் மட்டும் கிராபிக்ஸ் பகுதியை 532 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியதையும், மற்ற நேரங்களில் 480-ஐத் தாண்டவிடாததையும் ஆனந்த்டெக் வெளிக்கொணர்ந்தது. 2022-இல் எஸ்22 வரிசையில் விஷயம் தலைகீழாகத் திரும்பியது. போன் சூடாகாமலிருக்க வைத்திருந்த ஒரு மென்பொருள், ஆயிரக்கணக்கான செயலிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தியது; கீக்பெஞ்ச் மட்டும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. கீக்பெஞ்ச் நிறுவனம் எஸ்10 முதல் எஸ்22 வரையிலான முதன்மை எஸ் வரிசையைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. சாம்சங் பிறகு அந்தக் கட்டுப்பாட்டை நிறுத்திவைக்கும் வசதியை அப்டேட்டில் கொடுத்தது.

சூடாகும் சிப்பின் வேகத்தைக் குறைப்பது தானே ஒரு குறை என்று சொல்வதற்கில்லை. எல்லா நிறுவனங்களும் அதைச் செய்கின்றன. சோதனையிடம் ஒரு முகமும் வாங்கியவரிடம் இன்னொரு முகமும் காட்டியதுதான் பிழை. இதை வெளிக்கொணர்ந்தவர்களில் அளப்பவர்களும் இருந்தார்கள் என்பதை அவர்கள் கணக்கில் வரவாக வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், பல அளவுகளை ஒரே எண்ணாக உருட்டுவது. டிஎக்ஸ்ஓமார்க்கின் கேமரா மதிப்பெண் எஸ்24 அல்ட்ராவுக்கு 144, ஐபோன் 15 புரோ மேக்ஸுக்கு 154. இந்தப் பத்து எண் வித்தியாசம் கல்யாண மண்டபத்தில் எடுத்த படத்தில் எங்கே தெரியும் என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது. நிலைப்படத்துக்கு எவ்வளவு, வீடியோவுக்கு எவ்வளவு என்ற பங்கீட்டை அளப்பவர் முடிவு செய்கிறார். அது அவருடைய ரசனையும்கூட. அந்த நிறுவனம் போன் தயாரிப்பாளர்களுக்கு ஆலோசனைச் சேவையும் விற்கிறது என்ற விமரிசனமும் நெடுநாளாக உண்டு.

நம் ஊர் வாசகருக்கு மிக முக்கியமான ஓட்டை வெயில் என்று தோன்றுகிறது. ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிளே சொல்கிறது. வேலூரிலும் திருச்சியிலும் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதில்லை. பைக்கின் முன்பக்கத்தில் மாட்டி, மேப் போட்டு, டேட்டாவும் ஓடினால் திரை தானாக மங்குகிறது; சார்ஜ் ஏறுவது நிற்கிறது. எஸ்24 அல்ட்ரா திரையின் உச்ச ஒளி 2,600 நிட் என்பதும், கொரில்லா ஆர்மர் கண்ணாடி எதிரொளிப்பை 75 சதவீதம் வரை குறைக்கும் என்பதும் நிறுவனத் தரவுகள். எதிரொளிப்புக் குறைவது வெயிலில் கண்கூடு. இப்போனின் மறுக்க முடியாத நிறைகளில் அது ஒன்று. ஆனால் உச்ச ஒளி என்பது போன் சூடேறாத வரைதான். குளிரூட்டிய அறையில் அளந்த எண் நடுப்பகலுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

கையில் வைத்துப் பார்த்தவர்கள்

எண்ணும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். சில நாள் பயன்படுத்திப் பார்த்து அனுபவத்தைச் சொல்வோம் என்பது மூன்றாம் மரபு. இன்று தமிழ் யூடியூப் சேனல்கள் வரை செல்வாக்கோடு இருப்பது இதுதான். பிடித்தால் கை வலிக்கிறதா (எஸ்24 அல்ட்ரா 232 கிராம், ஆம், வலிக்கும்), திரையில் எழுதும் பேனாவான எஸ் பென் உண்மையில் யாருக்குப் பயன்படும், ஓடும் குழந்தையைப் படமெடுத்தால் கலங்கல் வருகிறதா என்பவற்றை எந்த எண்ணும் சொல்லாது. இந்தக் கடைசிக் குறை சாம்சங் ஃபிளாக்‌ஷிப்புகளைப் பற்றி ரிவ்யூ செய்பவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருவது. அறிமுகமானபோது எஸ்24 அல்ட்ராவின் திரை நிறம் வெளுத்திருப்பதாகப் பயனர்கள் முறையிட்டதும், சாம்சங் நிறத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதியை அப்டேட்டில் தந்ததும் இவ்வழியில் வெளிவந்தவையே.

ஒரு வாரம் போதுமா என்பதற்கு வரலாறு இரண்டு விதமாகப் பதில் சொல்கிறது. 2016 ஆகஸ்டில் கேலக்ஸி நோட் 7-ஐ ரிவ்யூ செய்தவர்களில் பெரும்பாலோர் மனதாரப் புகழ்ந்தார்கள். பேட்டரி தீப்பிடிப்பதால் செப்டம்பர் 2 அன்று திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அக்டோபரில் அந்த மாடலே நிறுத்தப்பட்டது. செப்டம்பர் அறிவிப்புவரை விற்றிருந்தவை சுமார் 25 லட்சம். முதல் அறிவிப்பின்போது நிறுவனம் சொன்ன தீ விபத்துகள் 35. அவ்வளவு அரிதான, ஆனால் அவ்வளவு கொடிய குறையை நாலைந்து பேர் ஒரு வாரத்தில் கண்டுபிடிக்க வழியே இல்லை. 2019 ஏப்ரலில் நேர்மாறாக, முதல் கேலக்ஸி ஃபோல்டின் திரை ரிவ்யூ செய்தவர்கள் கையிலேயே சில நாளில் பழுதானது. விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. பரவலான குறை சீக்கிரம் அகப்படும், அரிதான குறை அகப்படாது.

அனுபவம் பெயருக்கு மயங்கும் என்பதும் தெரிந்ததே. யூடியூபர் மார்க்கஸ் பிரவுன்லீ எந்தப் போனில் எடுத்தது என்று சொல்லாமலே படங்களைக் காட்டி மக்களிடம் ஓட்டுக் கேட்கும் சோதனையை நடத்திவருகிறார். 2022-இல் முன்னுக்கு வந்தது கூகுள் பிக்சல் 6ஏ, நடுத்தர விலைப் போன். ஆனால் இதையும் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை: சிறுதிரையில் பார்த்துப் போடும் ஓட்டு, வெளிச்சமான படத்துக்கே சாயும் என்ற மறுப்பு வலுவானது.

இதோடு பணத் தொடர்பும் இருக்கிறது. போனை நிறுவனமே தருகிறது. எந்த நாள், எந்த நேரம் வெளியிடலாம் என்பதையும் அதுவே சொல்கிறது. இந்தியாவில் 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், பணமோ பொருளோ பெற்றுப் பேசுபவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. ரிவ்யூவுக்காகத் தரப்படும் போன் இதில் எவ்வளவு தூரம் சேரும் என்பதில் நடைமுறை இன்னும் சீராகவில்லை எனலாம்.

ஆயுளும் பழுதும்

நான்காம் தரப்பு காலத்தை மாற்றிவைக்கிறது: போன் முதல் வாரம் எப்படி இருக்கிறது என்பதைவிட நான்காம் ஆண்டில் எப்படி இருக்கும் என்று கேள். இப்பார்வைக்கு வேகம் கொடுத்தது 2017 டிசம்பர். பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்கள் மென்பொருளால் மெதுவாக்கப்படுகின்றன என்ற ஐயத்தை கீக்பெஞ்ச் தரவுகள் கிளப்பின. ஆப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகவும், இந்தியாவில் ₹6,500-லிருந்து ₹2,000 ஆகவும் குறைத்தது. திடீரென்று அணைந்துபோகாமலிருக்கவே அப்படிச் செய்தோம் என்ற விளக்கம் தொழில்நுட்பரீதியில் பொய்யில்லை. வாங்கியவரிடம் சொல்லாமல் செய்ததைத்தான் யாரும் ஏற்கவில்லை.

அதன்பின் சட்டமும் இதே திசையில் நகர்ந்தது. பிரான்ஸ் 2021 ஜனவரி 1 முதல், பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்டச் சொன்னது. தயாரிப்பாளரே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டார் என்பது அதன் பலவீனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு தர வேண்டும். விற்பனை நின்று ஏழாண்டு வரை முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். இந்தியாவில் இதற்கென அமைக்கப்பட்ட குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது.

எஸ்24 அல்ட்ராவின் மிகப்பெரிய நிறை என்று பலரும் சொல்வது இங்கேதான் வருகிறது: ஏழாண்டுக்கு அப்டேட். கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்குச் சொன்னதை சாம்சங் மூன்றே மாதத்தில் தானும் சொன்னது. ஆனால் எத்தனை ஆண்டு என்ற எண், அப்டேட் எவ்வளவு தாமதமாக வரும் என்பதைச் சொல்வதில்லை. ஆண்ட்ராய்டு 15 பிக்சல் போன்களுக்கு 2024 அக்டோபரில் வந்துவிட்டது. எஸ்24 வரிசைக்கு அது 2025 ஏப்ரலில்தான் வரத் தொடங்கியது. மேலும், அப்டேட்டே பழுதுக்குக் காரணமாகிறது என்ற அச்சமும் நம்மிடையே வலுவாக உண்டு. சில பழைய மாடல்களில் அப்டேட் போட்டபின் திரையில் பச்சைக்கோடு விழுந்ததாக இந்தியாவில் பெருவாரியான புகார்கள் எழுந்து, சில எஸ் வரிசைப் போன்களுக்குச் சாம்சங் இலவசமாகத் திரை மாற்றித்தர நேர்ந்தது. கோட்டுக்கு அப்டேட்தான் காரணமா, திரையின் வன்பொருளா என்பது உறுதியாக நிறுவப்படவில்லை.

இத்தரப்பின் பலவீனம் வெளிப்படையானது: அதன் தீர்ப்பு வருவதற்குள் போன் கடையை விட்டே போயிருக்கும்.

விலையை முன்வைப்பவர்கள்

2014 டிசம்பரில் ஒன்பிளஸ் ஒன் இந்தியாவில் ₹21,999-க்கு வந்தபோது, உச்ச ரகத்தின் சிப்பை ஏறத்தாழப் பாதி விலைக்குத் தர முடியும் என்பது மக்கள் மனதில் பதிந்தது. 2024 ஜனவரியில் அதே நிறுவனத்தின் ஒன்பிளஸ் 12, எஸ்24 அல்ட்ராவின் அதே ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 சிப்போடு ₹64,999-க்குக் கிடைத்தது. சார்ஜ் ஏறும் வேகமும் 100 வாட், அல்ட்ராவுக்கு 45 வாட்தான். மறுபக்கம், ஒன்பிளஸ் வாக்களித்தது நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகள். பத்தாண்டில் ‘மலிவான’ மாற்றின் விலையே மூன்று மடங்கானதையும் கவனிக்க வேண்டும்.

தேவைக்கு மிஞ்சிய திறனுக்குக் காசு கொடுக்கிறோமா என்ற கேள்விக்கு, மேலாண்மை அறிஞர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1997-இல் எழுதிய நூலின் வாதத்தைப் பலர் துணைக்கு அழைக்கிறார்கள்: முன்னணி நிறுவனங்கள் வாடிக்கையாளரின் தேவையைத் தாண்டி ஓடிவிடும், அப்போது எளிய பொருள் கீழிருந்து மேலேறும். நடுத்தரப் போன்கள் உயர்ந்த விதம் இதற்குப் பொருந்துகிறது. உச்ச விலைப் போன்கள் இன்னும் விற்பது பொருந்தவில்லை. இஎம்ஐயும் எக்ஸ்சேஞ்சும் விலையைக் கண்ணிலிருந்து மறைக்கின்றன. அந்தஸ்தும் விலையில் சேர்ந்தே விற்கிறது. வரிக்கும் பங்கு உண்டு. 2024-இல் வந்த ஐபோன் 16 புரோ தமிழ்நாட்டிலேயே தயாரானது; ஆனாலும் அறிமுக விலை வரி சேர்க்காமல் அமெரிக்காவில் 999 டாலர், இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட ₹1,19,900. ஐபோன் ஆலை உள்ள ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் ஒரு ரூபாயும் குறையாது.

எந்தப் பட்டியலிலும் இல்லாதவை

மேற்சொன்ன எல்லாத் தரப்புகளும் விடும் இரண்டு விஷயங்கள் தமிழ் வாசகருக்குச் சிறியவை இல்லை. ஒன்று மொழி. எஸ்24 வரிசையின் பெரிய விளம்பரமே அழைப்பின்போது உடனுக்குடன் மொழிபெயர்க்கும் ஏஐ வசதி. அறிமுகத்தில் அது 13 மொழிகளுக்குக் கிடைத்தது. தாய், வியட்நாமிய மொழி, போலிஷ் இருந்தன, இந்திய மொழிகளில் இந்தி மட்டும். தமிழ் இல்லை. விலை மட்டும் எல்லா மொழிக்காரருக்கும் ஒன்றுதான். அந்த ஏஐ வசதிகள் 2025 இறுதிவரை இலவசம் என்பது அடிக்குறிப்பில் இருந்தது. இதை எந்த மதிப்பெண்ணிலும் யாரும் கழித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது தோல் நிறம். கறுத்த முகத்தை வெளுக்கவோ மாவு பூசியதுபோல் ஆக்கவோ செய்யும் கேமராக்கள் இங்கே பழகிப்போனவை. கூகுள் 2021-இல் பிக்சல் 6-உடன் எல்லா நிறத்தையும் உள்ளபடி காட்டும் முயற்சியைத் தனி வசதியாகவே அறிவித்தது; அதற்கு முன்வரை அது குறையாகக்கூடப் பட்டியலில் ஏறவில்லை.

மதிப்பீடு

பொருளியல் அறிஞர் பிலிப் நெல்சன் 1970-இல் பொருள்களின் தன்மைகளை இரண்டாகப் பிரித்தார்: வாங்குமுன் பார்த்தே தெரிவன, பயன்படுத்தினால்தான் தெரிவன. 1973-இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவதைச் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பிறகும் சாதாரண வாங்குபவரால் சரிபார்க்க முடியாதவை. அளவுகோல்களுக்கிடையிலான இந்தச் சண்டைக்கு இப்பிரிவு ஓரளவு தெளிவு தருகிறது. ஸ்பெக் மரபு முதல் வகையையும் அனுபவ மரபு இரண்டாம் வகையையும் பார்க்கின்றன. மூன்றாவதற்கு ஆய்வகமும் சட்டமும் தேவைப்படுகின்றன. பேட்டரி தேய்வை மென்பொருள் மறைத்ததும், சோதனைக்கு மட்டும் வேகம் காட்டியதும் அந்த வகை. ஆக இவை ஒன்றுக்கொன்று மாற்று என்பதைவிட, ஒவ்வொன்றும் போனின் வேறு பக்கத்தைப் பார்க்கிறது என்பதே பொருத்தம். எல்லாவற்றையும் கூட்டி ஒற்றை மதிப்பெண் தருவதுதான் மிகப் பலவீனமான வழி என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

எஸ்24 அல்ட்ராவைப் பற்றி இன்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை: எதிரொளிப்புக் குறைந்த திரையும் 5 மடங்கு கேமராவும் நிறை. எடை, சார்ஜ் வேகம், அசையும் பொருளைப் பிடிப்பதில் தடுமாற்றம் ஆகியவை குறை. ஏஐ மொழிபெயர்ப்பை, தமிழ் மட்டும் பேசும் வீட்டில், நிறைப் பட்டியலில் சேர்க்க அறிமுகத்தின்போது காரணமே இருக்கவில்லை.

தீராதவை பல. ஏழாம் ஆண்டின் அப்டேட்டைப் பழைய சிப் தாங்குமா, அதற்குள் எத்தனை பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும், ஏஐ வசதிகளில் எதற்குக் கட்டணம் வரும், இந்தியப் பழுதுநீக்க மதிப்பெண் எப்போது பெட்டியில் ஏறும், ஏறினால் யார் சரிபார்ப்பார்கள் என்பவற்றுக்கு இப்போது யாரிடமும் விடையில்லை. ஏழாண்டு வாக்குறுதியின் கெடு 2031-இல்தான் முடிகிறது. அதுவரை, ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்துப் புதுப் போன் வாங்க நினைப்பவர், அதன் முதல் வார ரிவ்யூவோடு, அதே நிறுவனத்தின் இரண்டாண்டுக்கு முந்தைய மாடலை இன்று வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும், பேட்டரிக்கும் திரைக்கும் தம் ஊர் சர்வீஸ் சென்டரில் என்ன கட்டணம் என்பதையும் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.